வெயிலில் காய்ந்த பிரம்பு விதை

காரமடை பஸ்ஸில், மடியில் நாற்றுத் தட்டோடு இருந்த நர்சரிக்காரரிடம் பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்.

"ஏனுங்க, பிரம்பு மொளைக்க எத்தனை மாசமுங்க?"

"மூணு மாசங்கூட ஆகுமுங்க. பழத்தோலை உரிச்சு, சதையைக் கழுவி, ஈரத்தோட நெழல்ல ஊணோணும்."

"எல்லாம் செஞ்சனுங்க. கழுவி மூணு நாள் வாசல்ல காயவும் போட்டனுங்க."

"வெயில்லயா? அதென்ன சோளமுங்களா? காஞ்சா வெதை செத்துப்போகுமுங்க."

"அஞ்சு மாசமா தண்ணி ஊத்தறனுங்களே! எங்கண்ணன் வயநாட்டுல தேடிக் கொண்டாந்த பழமுங்க. ஞாயித்துக்கெழமை நாத்துப் பாக்க வாறாருங்க."

"தோண்டிப் பாத்தீங்களா?"

"பயமா இருக்குதுங்க."

அந்த அம்மா போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, பிரம்புப் பாத்திக்குத் தண்ணி ஊத்திட்டியா? சரி, எதுக்கும் இன்னொரு கொடம் ஊத்திரு."