சக்தியோட இடது புருவம்

இல்ல டாக்டர், அது மட்டும் முடியாது. உங்க வெப்சைட்ல நீலத்தக் கொறைக்கணுமா, கொறைக்கிறேன். எழுத்து ஒரு பிக்சல் எறங்கணுமா, எறக்குறேன். நீங்க சொல்றது சரிதான், உங்க முகம் வெளிய பாக்குது, படிக்கிறவங்க கண்ணும் கூடவே வெளிய போயிடும். படத்த வேணா அந்த ஓரத்துக்குத் தள்ளுறேன். ஆனா படத்துல இடது பக்கத்த வலது பக்கமாத் திருப்ப மாட்டேன்.

யாரு கவனிக்கப் போறாங்கன்னா கேக்குறீங்க?

எனக்கு ஒரு தம்பி, டாக்டர். சக்தி. ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு விழுப்புரம் கெளம்பினான், சித்தப்பா வீட்டுக்கு. பெருங்களத்தூர்ல நான்தான் வண்டில கொண்டு போய் விட்டேன். எந்த பஸ்லயும் கால் வைக்க எடமில்ல. நீ போக்கா, நான் பாத்துக்கறேன்னான். ஊர் போய்ச் சேரல. போனும் ஆஃப்.

போலீஸ்ல சொன்னோம். எங்க ஆபீஸ்ல தோத்தாத்ரின்னு ஒருத்தர், டிசைன்ல ராட்சசன். சாப்பிடக்கூட எழுந்திரிக்காம, காணவில்லைன்னு ஒரு சைட் போட்டுக் குடுத்தார். அவ்ளோ நேர்த்தி. உங்களுக்கு வந்த அதே உறுத்தல் அவருக்கும். சக்தி வெளிய பாக்குறான்னு படத்தத் திருப்பிட்டார். இடது புருவத்துத் தழும்பு வலது பக்கம் போயிடுச்சு. புருவத்துல தழும்புன்னுதான் எழுதியிருந்தோம், எந்தப் பக்கம்னு இல்ல. எங்க கண்ணுக்கும் படல. அந்த நேரத்துல போன் நம்பர் சரியா இருக்கான்னுதான பாப்போம்?

அவன் பஸ் கெடைக்காம நடந்திருக்கான் போல. ஊரப்பாக்கம் தாண்டி ஏதோ வண்டி அடிச்சிட்டுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரில நெனவே வராமப் போயிட்டானாம். பையும் இல்ல, போனும் இல்ல. ஸ்டேஷன்ல நம்ம சைட்டத் தெறந்து பக்கத்துல வச்சுப் பாத்திருக்காங்க. தழும்பு மாறியிருக்கு, இது வேற ஆளுன்னு அனாதப் பொணமாப் பொதச்சிட்டாங்க. பின்னாடி நான் ஸ்டேஷன்ல இருந்த பொணத்தோட போட்டோவப் பாத்துதான் தெரிஞ்சுது. ஏட்டு கோவமா ஒண்ணும் பேசல. நீங்க போட்ட படத்த நம்பித்தானம்மா பாத்தோம்னார். பொதச்ச எடத்தக் காட்டினாங்க. வெறும் மண்ணு.

தோத்தாத்ரியா? வேலைய விட்டுட்டார். நான் ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா இருந்திருப்பாரோ என்னவோ.

இல்ல, அந்த சைட்ட இன்னும் எடுக்கல. அம்மாவுக்கு இன்னும் சொல்லல டாக்டர். காலைல ஆனா தெருமுனை பிரவுசிங் சென்டர்ல போய் உக்காந்துடுவாங்க. பக்கத்துக்கு அடில, எத்தன பேர் பாத்தாங்கன்னு ஒரு நம்பர் ஓடும்ல? நேத்தைய விட இன்னிக்கு ஏறியிருக்குடி, யாரோ தேடிட்டுதான் இருக்காங்கன்னு எனக்குப் போன் பண்ணுவாங்க.

தெனமும் சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து கெளம்பறதுக்கு முன்னாடி அந்த நம்பர ஏத்தி வச்சிட்டுப் போறது நான்தான்.