கொக்கு முத்திரைச் சவரக்கத்தி

கஜந்தினி: பாரிசிலை, லா சப்பலிலை இருக்கிறம், வீட்டுக்குக் கீழையே தமிழ்க்கடை. ஒரு தேங்காய் வாங்கியர உங்களுக்கு நேரமில்லை. ஜேர்மன்காரன்ரை கொக்குக்கு மட்டும்...

யதுர்ஷன்: பொறுமப்பா. இஞ்சை, கத்தியின்ரை அடியிலை பாரும். கொக்கு. வாயிலை என்ன?

கஜந்தினி: மீன்.

யதுர்ஷன்: திறப்பு! பூட்டுத் திறக்கிற சாவி. மீன் கவ்வின கொக்கு வேறை ஆக்களின்ரை முத்திரை. சோலிங்கன் ஊரிலை பட்டறைக்குப் பட்டறை ஒரு முத்திரை. ஒருத்தன்ரையை மற்றவன் அடிச்சா வழக்குத்தான்.

கஜந்தினி: ஒரு கிழமையா என்ரை முகத்தைக்கூட இப்பிடிப் பாக்கேல்லை நீங்கள்.

யதுர்ஷன்: அதிலை முத்திரை இல்லையே...

கஜந்தினி: அடிப்பன்! பழைய சவரக்கத்திக்கு இவ்வளவு ஆராய்ச்சி.

யதுர்ஷன்: எங்கை வாங்கினதெண்டனீர்?

கஜந்தினி: பொண்டியிலை. ஞாயிறு, பழஞ்சாமான் சந்தையிலை.

யதுர்ஷன்: ஞாயிறு நீர் வில்லியே லே பெல்லுக்கெல்லோ போனனீர், உம்மடை அப்பாவைப் பாக்க?

கஜந்தினி: ஓம்... போற வழியிலை.

யதுர்ஷன்: பொண்டி வேறை பக்கம், கஜா.

கஜந்தினி: நீங்கள் கொக்கைப் பாருங்கோ.

யதுர்ஷன்: பாத்தன். 'ஜேர்மனி' எண்டு இங்கிலீசிலை வெட்டியிருக்கு. இங்கிலீசுக்காரன்ரை நாடுகளுக்கு அனுப்பினதுக்குத்தான் அப்பிடி வெட்டுறவை. பிடி எங்கடை ஊர்க் கருங்காலி, பிறகு மாத்தினது. இது யாழ்ப்பாணம் பாத்த கத்தி.

கஜந்தினி: ...சரி. அப்பான்ரைதான். அவரின்ரை அப்பப்பா வைச்சிருந்தது.

யதுர்ஷன்: ஏன் ஒளிச்சனீர்?

கஜந்தினி: அவர்தான் சொல்ல வேண்டாமெண்டவர். கத்தியைக் குடுத்தா உறவு வெட்டுப்பட்டுப் போமாம். எனக்கும் கையிலை தரேல்லை. மேசையிலை வைச்சிட்டு அங்காலை திரும்பி நிண்டு, "நீ வாங்கினதெண்டு சொல்லிக் குடு" எண்டார்.

யதுர்ஷன்: வெட்டுப்பட என்ன உறவு கிடக்கு? எங்கடை கலியாணத்துக்கும் வரேல்லை. நாலு வருசமா என்னை வாசல் மிதிக்கவும் விடேல்லை.

கஜந்தினி: அதுதான் எனக்கு அழுகை வந்தது. இல்லாத உறவு வெட்டுப்படுமெண்டு ஆரும் பயப்பிடுவினமே?... ஏன் சிரிக்கிறியள்? உங்களுக்கு முதலே தெரியுமோ?

யதுர்ஷன்: எனக்கும் உமக்குச் சொல்லக்கூடாதெண்டு உத்தரவு. திங்கள் வேலையிலை நிக்கேக்கை போன். சுகம்கூடக் கேக்கேல்லை. "மருமோன், அந்தக் கத்தி எந்த ஆண்டு?"

கஜந்தினி: மருமோன் எண்டவரோ! அப்பாவோ!

யதுர்ஷன்: "தெரியேல்லை மாமா, தேடிச் சொல்லுறன்" எண்டன். அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். நேற்று, சாப்பிட்டாச்சோ எண்டும் கேட்டவர்.

கஜந்தினி: ஐயோ... அப்ப அந்த ஆண்டைக் கெதியாக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோவன்! ஏன் இழுக்கிறியள்?

யதுர்ஷன்: அது திங்கள் இரவே கண்டுபிடிச்சிட்டன்... சொல்லிப்போட்டா, நாளைக்கு அவர் எதுக்கு எனக்குப் போன் எடுக்கப்போறார்?