கொக்கா, நாரையா?

பதுளை நீதிமன்ற விறாந்தையில் என் காணி வழக்குக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒருவர் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது.

"மச்சான், கொக்குன்னு மட்டும் சொல்லிருங்க. நாரைன்னு சொன்னா நான் ஜெயிலுக்குப் போயிருவேன்."

சொன்னவர் தோட்டத் தொழிலாளி. தோட்டத்துத் துரை ஆசையாக வளர்த்த செங்கால் நாரையைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு. எங்கிருந்தோ வந்த கொக்கைப் பிடித்திருந்தால் குற்றமில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவியின் அண்ணன். துரையின் குளத்துக் காவல்காரரும் அவர்தான், ஒரே சாட்சியும் அவர்தான்.

"நீ கழுத்தைத் திருகினதை நான் பார்த்தேன் மாப்பிள்ளை. கால் ரெண்டும் ரத்தச் செவப்பு."

"பிள்ளை பெத்தவ மயங்கி மயங்கி விழுந்தா. சூப்பு வெச்சுக் குடுக்க வேற என்ன இருந்துச்சு?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கா?"

"எந்திரிச்சு உக்கார்றா. பால் குடுக்கிறா."

உள்ளே கூப்பிட்டார்கள். நான் வாசலோரம் போய் நின்றேன். நீதிபதியின் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"அது என்ன பறவை?"

"கொக்குங்க."

"கால் என்ன நிறம்?"

முன்வரிசையில் இருந்த துரை சாட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேத்துல நின்னுச்சுங்க. நிறம் தெரியல."

வழக்குத் தள்ளுபடியானது. வெளியே வந்ததும் மாப்பிள்ளை அண்ணனின் கையைப் பிடித்தார். அண்ணன் படியிறங்கியபடியே சொன்னார்.

"துரை இனி என்னை வேலைக்கு வெச்சுக்க மாட்டாரு. அது கெடக்கட்டும். பிள்ளையைப் பார்க்க நானும் வர்றேன், நட."