ஆறாவது சத்தம்

கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. லைட்டு எரியட்டும், பரவாயில்ல. இந்தக் கதைக்கு இருட்டெல்லாம் தேவையில்ல. எக்ஸ்ரே எடுக்கிறானே என் ஃப்ரெண்டு, அவனோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவன் ஆயிரம் கடன் சொல்லுவான், ஆனா புளுக மாட்டான். நடுவுல எவனாவது கெக்கெக்கேன்னு சிரிச்சீங்க, அங்கயே நிறுத்திட்டுப் போய்ப் படுத்துடுவேன்.

விடிகாலை நாலு மணி... அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன இருக்கும். குடோன்ல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு. ஒரு பக்கம் மூடிக் கிடக்கிற ஃபேக்டரியோட நீளச் சுவரு. இன்னொரு பக்கம் வெறும் பொட்டல். மூணு கம்பத்துக்கு ஒண்ணுல லைட்டு எரியும், அதுவும் மினுக் மினுக்னு. அந்த ரோட்டுல ஒரே ஒரு வேன் போகுது. ஓட்டுறது அந்த அக்கா வீட்டுக்காரர். பின்னாடி ரெண்டு இரும்புப் பெட்டி. வேற ஆளு கிடையாது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, வேன்ல வேற ஆளே கிடையாது.

அவரை எல்லாரும் பெட்டிக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. முதுகெலும்பு உடைஞ்சவங்களுக்கு உள்ள ஸ்க்ரூ, கம்பி, பிளேட்டெல்லாம் வச்சு நிமித்துவாங்கல்ல, அந்தச் சாமானை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கொண்டு போறவரு. இறக்கி வச்சுட்டு வர்ற வேலைன்னு நினைச்சுடாத. ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயே நிக்கணும். எதையும் தொடக்கூடாது. கையக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னு, சிவப்பு லைட்டு அடிக்கிற பேனாவால 'சிஸ்டர், இந்த ஸ்க்ரூ, இந்த சைஸு'ன்னு காட்டணும். பதினெட்டு வருஷம் அப்படி நின்ன மனுஷன். புதுசா வர்ற டாக்டருங்க தடுமாறினா, அடுத்து என்னன்னு வாயத் திறக்காம லைட்டாலயே காட்டிக் கொடுத்துடுவாரு.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், காதக் கொடுத்துக் கேளு. உடைஞ்ச எலும்புக்கு இடது பக்கம் மூணு, வலது பக்கம் மூணுன்னு ஆறு ஸ்க்ரூ போடுவாங்க. ஒரு பக்கத்து மூணு ஸ்க்ரூ தலையிலயும் ஒரு கம்பியப் படுக்க வச்சு, மேல சின்னச் சின்ன நட்டு போட்டு மூடுவாங்க. கடைசியா ஒரு ஸ்பேனர வச்சு ஒவ்வொரு நட்டையும் இறுக்கணும். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் ஒரு சத்தம் கொடுக்கும்... டக். அவ்வளவுதான். அது கேட்டாச்சுன்னா நட்டு ஜென்மத்துக்கும் அசையாது. கேக்கலன்னா, நட்டு உள்ளதான் இருக்கும், எக்ஸ்ரேல பாத்தா அழகா உக்காந்திருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. அந்த வித்தியாசம் எந்தப் படத்துலயும் தெரியாது. அந்த நேரத்துல காதுல விழுந்தாத்தான் உண்டு.

நான் சொன்ன அந்த ஆஸ்பத்திரியில இருந்த பெரிய டாக்டருக்கு ஒரு பழக்கம். இறுக்கும்போது அவரு எண்ண மாட்டாரு. எண்ணுற வேலை பெட்டிக்காரரோடது. டக்னு கேட்டா, 'ஒண்ணு சார்'. அடுத்த டக்குக்கு, 'ரெண்டு சார்'. முடிஞ்சதும் டாக்டர் தலையத் தூக்காமலே "ஆறும் ஆச்சா?"ன்னு கேப்பாரு. இவரு "ஆச்சு சார்"னு சொன்னா தைக்க ஆரம்பிச்சுடுவாங்க. இத்தனை வருஷத்துல இவரு சொன்னதுக்கு மேல டாக்டர் ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

அப்பத்தான் அந்தப் பெயிண்டர் வந்தாரு. மூணாவது மாடிச் சாரத்துல நின்னு சுவத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தவரு, பலகை புரண்டு விழுந்துட்டாரு. அம்பது வயசு இருக்கும். சாதுவான மனுஷன். எவ்வளவு துடைச்சும் நகக்கண்ணுல பெயிண்ட் போகல, கிட்டப் போனா லேசா டர்பன்டைன் வாடை. ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, இந்தச் சாமானெல்லாம் நீங்கதான் கொண்டு வந்தீங்களான்னு விசாரிச்சிருக்காரு. ஆமாண்ணேன்னு இவரு சொன்னதும், "நல்லா இறுக்கச் சொல்லுங்க தம்பி. நான் மறுபடி ஏணி ஏறணும், பொண்ணு படிச்சுக்கிட்டு இருக்கா"ன்னாரு. இவரும் தோளத் தட்டி, நீங்க நிம்மதியா தூங்குங்கண்ணேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசி இறுக்கம் வந்தது. டக். ஒண்ணு சார். டக். ரெண்டு சார். மூணு... நாலு... அஞ்சு. அப்பப் பாத்து இவரு பாக்கெட்டுல ஃபோன் உதறுது. அடுத்த ஆஸ்பத்திரி. அங்க ஒரு ஆளை மேஜையில படுக்க வச்சுட்டு இதே ஸ்பேனருக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. கம்பெனியில அந்த மாதிரி இருக்கிறதே ஒண்ணுதான். குனிஞ்சு நம்பரைப் பாத்தாரு. ரெண்டு செகண்டு. நிமிர்ந்தா, டாக்டர் ஸ்பேனர சிஸ்டர்கிட்ட நீட்டிக்கிட்டு இருக்காரு.

"ஆறும் ஆச்சா?"

இவரு காதுல விழுந்தது அஞ்சு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரத்தம் உறிஞ்சுற மெஷின் கொர்ருன்னு ஓடிக்கிட்டு இருக்கு, அந்தச் சத்தத்துல ஆறாவது அமுங்கியிருக்கலாம். இன்னொரு தடவை பாருங்க சார்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். கவனம் எங்கய்யா இருந்துச்சுன்னு டாக்டர் கேப்பாரு, பதினெட்டு வருஷப் பேரு போயிடும். வாய் முந்திக்கிச்சு. "ஆச்சு சார்."

டாக்டர் இவரை நம்பினாரு. தைச்சுட்டாங்க.

மறுநாள் படம் எடுத்தாங்க. கம்பி நேரா இருக்கு, நட்டு ஆறும் உக்காந்திருக்கு. டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. பெட்டிக்காரருக்கு மட்டும் சோறு இறங்கல. சாயங்காலம் வார்டுக்குப் போய் எட்டிப் பாத்தாரு. பெயிண்டர் முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. அவரு சம்சாரம் காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு இருந்தாங்க. இவரைப் பாத்ததும் அந்த மனுஷன் முகம் மலர்ந்துடுச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, சம்சாரத்துக்குக் கேக்காத மாதிரி கேட்டாரு.

"நல்லா இறுக்கிட்டீங்களா தம்பி? திரும்பிப் படுத்தா உள்ள என்னமோ நகருற மாதிரி இருக்கு."

"எல்லாம் நல்லா இருக்குண்ணே."

டாக்டர்கிட்டச் சொல்லணும்னு வெளிய வந்து ரூம் வாசல் வரைக்கும் போயிட்டாரு. உள்ள யாரோ உக்காந்திருந்தாங்க. சரி, காலையில சொல்லிக்கலாம். காலையில போனாரு, டாக்டர் தியேட்டருக்குள்ள. சாயங்காலம் வேற கேஸு. ராத்திரி தூக்கம் வராம சம்சாரத்துகிட்ட வாயத் திறந்தாரு, திறந்துட்டு, ஒண்ணுமில்ல, காலையில சொல்றேன்னு திரும்பிப் படுத்துட்டாரு. அது மூணாவது ராத்திரி.

விடிகாலை மூணே காலுக்கு ஃபோன். பெயிண்டர் புரண்டு படுத்திருக்காரு, கம்பி நழுவிடுச்சு, ரெண்டு காலும் மரத்துப் போச்சு, உடனே திறக்கணும், செட்டை எடுத்துக்கிட்டு ஓடி வாங்கன்னாங்க. குடோனைத் திறந்து, பெட்டிய ஏத்தி, வேனைக் கிளப்பினாரு. அதான் நான் முதல்ல சொன்ன ரோடு. இந்தத் தடவை சொல்லிடுறேன், போனதும் சொல்லிடுறேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டுறாரு.

ஃபேக்டரிச் சுவரு பாதி தாண்டியிருக்கும். பின்னாடி ஒரு சத்தம்.

டக்.

பெட்டிக்குள்ள ஸ்க்ரூ உருண்டா கலகலன்னு கேக்கும். அது அவருக்குப் பழகின சத்தம். இது அதில்ல. அந்த ஸ்பேனர் சும்மா கிடந்தா சத்தமே போடாது. யாராவது நட்டுல வச்சு, பலம் கொடுத்துத் திருப்பினாத்தான்...

டக்.

காலு தானா பிரேக்குக்குப் போகுது, ஆனா அமுக்கப் பயம். நிறுத்தினா திரும்பிப் பாக்கணுமே. மூணாவது டக். நாலாவது. அவரு உதடு அதுபாட்டுக்கு எண்ணுது. அஞ்சு. அதோட நின்னுடுச்சு. ஆறாவதுக்காகக் காத்துக்கிட்டே ஓட்டுறாரு, அது வரவேயில்ல. ஜன்னல் ரெண்டும் சாத்தியிருக்கு... வேனுக்குள்ள மெதுவா டர்பன்டைன் வாடை ஏறுது. புதுசா பெயிண்ட் அடிச்ச ரூமுக்குள்ள நுழைஞ்ச மாதிரி.

கண்ணாடியப் பாத்தாரு. பின் சீட்டுல ஒரு ஆளு. சீட்டுல முதுகு படாம, விறைப்பா நிமிர்ந்து உக்காந்திருக்கு. வேன் மேட்டுல ஏறி இறங்குது, இவரு குலுங்குறாரு, அந்த உருவம் ஒரு இம்மி கூட ஆடல.

"நல்லா இறுக்கிட்டீங்களா தம்பி?"

டேய், இங்கதான்டா எனக்கு அந்த மனுஷன் மேல ஆத்திரம் வருது. சொல்லிடுறேன் சொல்லிடுறேன்னு அவ்வளவு நேரம் புலம்பினவரு. நேருக்கு நேரா ஆளே வந்து கேக்குது. அந்த நேரத்துலயாவது உண்மையக் கக்கியிருக்கலாம்ல? பழக்க தோஷம். நாக்கு அதுபாட்டுக்குப் புரண்டுடுச்சு.

"எல்லாம் நல்லா இருக்குண்ணே."

"சரி தம்பி"ன்னுச்சு. அவ்வளவுதான். அடுத்த கம்பத்து வெளிச்சத்துல பாத்தா சீட்டு காலி.

ஆஸ்பத்திரி போய்ச் சேந்தா, லிஃப்டுகிட்டயே வார்டு பாய் கையக் காட்டி நிறுத்திட்டான். பெட்டிய இறக்க வேண்டாம்னான். காலுல கட்டின ரத்தம் நெஞ்சுக்கு ஏறி, மூணு அம்பதுக்கே மூச்சு நின்னுடுச்சாம். அதாவது, இவரு குடோனைப் பூட்டிக்கிட்டு இருந்த நேரம். டாக்டர் வந்து தோளுல கைய வச்சு, யாரு மேலயும் தப்பில்ல, எலும்புல ஸ்க்ரூ பிடிக்காம போயிருக்கும்னு இவருக்கு ஆறுதல் சொல்றாரு. கொடுமையப் பாரு. பெயிண்டரோட சம்சாரம் எழுந்து வந்து, "நீங்க பாத்துப் பாத்துத்தான் செஞ்சீங்க தம்பி. எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அந்தப் பொண்ணு பக்கத்துலயே நின்னுச்சு. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. அப்பவும் சொல்லல.

வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டிப் போட்டாரு. துவைக்க எடுத்த அந்த அக்கா, எங்க போய்ச் சாஞ்சீங்க, முதுகெல்லாம் பெயிண்ட்டுன்னு கேட்டாங்க. நடு முதுகுக்குக் கீழ, விரல் நுனியால தொட்டு வச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி. இடது பக்கம் மூணு. வலது பக்கம் ரெண்டு. மூணாவது இருக்க வேண்டிய இடம் சுத்தமா இருந்துச்சு.

அடுத்த வாரத்துல இருந்து முதுகு வலி. குனிஞ்சா வலி, திரும்பினா வலி. உள்ள என்னமோ நகருதுன்னாரு. மாமா, வாங்க, ஒரு படம் எடுத்துடலாம்னு என் ஃப்ரெண்டுதான் கூட்டிட்டுப் போனான். அவனே நிக்க வச்சு, அவனே எடுத்தான். ஸ்கிரீன்ல வந்ததைப் பாத்துட்டு மெஷின் கோளாறுன்னு மறுபடி எடுத்தான். மூணு தடவை எடுத்தான்.

ஆறு ஸ்க்ரூ. ரெண்டு கம்பி. ஆறு நட்டு.

அவரு வாழ்க்கையில ஆபரேஷன்னு படுத்ததே இல்ல. சட்டையத் தூக்கிப் பாத்தா முதுகுல ஒரு கீறல் கிடையாது. அதே பெரிய டாக்டர்கிட்ட படத்தைக் காட்டினாங்க. அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, யாரு பண்ணினது, நல்ல கைன்னாரு. அப்பத்தான் பெட்டிக்காரர் ஓன்னு அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினாரு. அன்னிக்கு அஞ்சுதான் கேட்டுச்சு சார். இதுலயும் வலது பக்கம் கீழ இருக்கிறது இறுகல சார், திறந்து இறுக்கி விட்டுடுங்க சார்னு காலைப் பிடிச்சாரு. டாக்டருக்கு அன்னிக்கு நடந்தது புரிஞ்சுச்சு, முகம் செத்துப் போச்சு. ஆனா இவரு முதுகைத் திறக்க மாட்டேன்னுட்டாரு. படத்துல எல்லாம் சரியா இருக்கு, எந்தக் காரணத்தைச் சொல்லி நான் கத்தி வைக்கிறதுன்னு கேட்டாரு.

இப்ப வேலைக்குப் போறதில்ல. கட்டில்ல மல்லாக்கப் படுத்தது படுத்தபடி. புரளவே மாட்டாரு. புரண்டா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும்ல.

போன மாசம் என் ஃப்ரெண்டு ஒரு ராத்திரி அக்கா வீட்டுல தங்கியிருக்கான். நாலு மணி இருக்கும், டர்பன்டைன் வாடையில முழிப்பு வந்துடுச்சாம். மாமா ரூம் கதவு ஒருக்களிச்சுக் கிடக்கு, உள்ள இருட்டு. எழுந்து கிட்டப் போனவன் அப்படியே நின்னுட்டான்.

டக்.

"ஒண்ணு சார்." மாமாவோட குரல்.

டக். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு வரைக்கும் நிறுத்தி நிதானமா எண்ணுறாரு. அப்புறம் சத்தமே இல்ல. இவன் கதவுல கைய வச்சுட்டுத் தள்ளத் தைரியமில்லாம நிக்கிறான். உள்ள இருந்து இன்னொரு குரல், மெதுவா, மரியாதையா...

"நல்லா இறுக்கிட்டீங்களா தம்பி?"

மாமா விசும்புறாரு. "இல்லண்ணே. ஒண்ணு பாக்கி இருக்குண்ணே. அதையும் இறுக்கி விட்டுடுங்கண்ணே."

பதில் வந்தப்ப, அந்தக் குரல்ல கோவமே இல்லையாம்.

"சரி தம்பி... காலையில பாத்துக்கலாம்."