காமனாகிப் போன சர்வே கம்பு

பெயர்: சிவசாமி பேச்சிமுத்து. வயது: பதினாறு. தொழில்: புல்லுவெட்டு. விலாசம்: ஆறாம் நம்பர் லயம், கீழ்க்கணக்கு, நரிப்பாறைத் தோட்டம், உடப்புசல்லாவை. இனம்: இந்தியத் தமிழர் என்று எழுதச் சொன்னார்கள்; இந்தியாவை நான் பார்த்ததில்லை, அதுவும் என்னைப் பார்த்ததில்லை. 1962 மார்ச் மாதம் 28ஆம் திகதி, கொன்ஸ்தாபிள் ஹமீத் அவர்கள் கேட்க நான் தமிழில் சொல்வதாவது:

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகவே வந்தேன். சர்வேயர் விமலசேன மாத்தயா எங்கள் தோட்டத்துத் தமிழ் ஆட்களிடம் இலஞ்சம் வாங்கிக்கொண்டு புது ரோட்டை வளைத்துவிட்டார், அரசாங்கக் கம்பையும் கொடுத்துவிட்டார் என்று யாரோ பெட்டிசன் போட்டு, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கம்பு போனதற்குக் காரணம் நான். உட்காரச் சொல்லி நாற்காலி கொடுத்த கொன்ஸ்தாபிள் ஐயாவுக்கு முதலில் நன்றி. தோட்டத்து ஆபீசில் நான் நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை.

மேற்படி ரோட்டு, கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து எங்கள் தோட்டத்தின் ஊடாக டவுனுக்குப் போகப் போவது. இப்போது நோயாளியைக் கம்பளியில் கட்டித்தான் டிஸ்பென்சரிக்குத் தூக்குகிறோம். அதனால் ரோட்டு வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. பிரஜாவுரிமை இல்லாத எங்களுக்கு ஓட்டு இல்லை; ஓட்டு அவர்களுக்கு, ரோட்டு நமக்கும் என்று நான்தான் லயத்து வரிசை வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன் பின்பு சர்வேயர் மாத்தயா ஆட்களுடன் வந்து, சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்புகளை வரிசையாக ஊன்றிக்கொண்டு போனார். அதில் ஒன்று எங்கள் காமன் பொட்டலுக்கு நடுவில் விழுந்தது. காமன் பொட்டல் என்பது லயத்துக்கு மேலே உள்ள வெறும் நிலம். மாசி மாதம் மூன்றாம் பிறைக்கு அங்கே ஒரு கம்பத்தில் வைக்கோல் பிரி சுற்றி, ஆமணக்குக் கொப்புக் கட்டி ஊன்றுவோம். அதுதான் காமன். பௌர்ணமிக்குக் கூத்தாடி, சிவன் காமனை எரித்த மாதிரி அதை எரிப்போம். ஊன்றின காமனை எரிக்கும் வரைக்கும் யாரும் பிடுங்கக் கூடாது, அசைக்கவும் கூடாது.

அன்றைக்குத்தான் மூன்றாம் பிறை. கூத்து மாஸ்டர் அழகுமுத்து மாமா கம்பம் வெட்டக் காட்டுக்குப் போயிருந்தார். பெண்கள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றார்கள். பொட்டலில் நானும் அந்தச் சர்வே கம்பும் மட்டும். அது பூசிய வர்ணமும் அதுவுமாக, வேஷம் கட்டி விட்டுக் கூத்துக்குக் கூப்பிடாத ஆள் மாதிரி நின்றது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மாமா வைத்திருந்த வைக்கோல் பிரியை எடுத்து அடியிலிருந்து நுனி வரை சுற்றி, ஆமணக்குக் கொப்பும் கட்டி, மஞ்சள் துணியும் முடிந்துவிட்டு, மாமா வந்து திகைப்பதைப் பார்க்கலாம் என்று மானாப் புல்லுக்குள் ஒளிந்துகொண்டேன்.

அதன் பின்பு மாமா வரவில்லை, என் அத்தை சண்முகவடிவு வந்தார். கூடையை இறக்கிவிட்டு, "காமா, இந்த வருசமாவது என் மகளுக்கு ஒரு வழி பண்ணுய்யா" என்று விழுந்து கும்பிட்டார். அவர் பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் கும்பிட்டு, தண்ணீர் ஊற்றி, தேங்காயும் உடைத்துவிட்டார்கள். மாமா தோளில் நிஜக் கம்பத்தோடு வந்து நின்றார். நான் அவர் காதில் போய், "மாமா, அது கவர்மெண்டு கம்பு" என்றேன். அவர் என் காதைத் திருகிக்கொண்டே, "வாய மூடுடா வாலு. தேங்கா ஒடச்சாச்சு. இனி அது காமன்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த கம்பத்தைக் கீழே போட்டுத் தப்பு மேளத்தை எடுத்தார்.

மறுநாள் காலை சர்வேயர் மாத்தயா ஆட்களோடு வந்தார். ரோட்டுக்காகக் காத்திருந்த கிராமத்து ஆட்களும் மம்பட்டியோடு வந்திருந்தார்கள். ஒருவர் கம்பில் கை வைக்கப் போனார். அத்தை ஓடிப்போய்க் குறுக்கே நின்று, "தொடாதீங்க! தொட்டா குடும்பம் வெளங்காது!" என்று கத்தினார். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் சண்டைக்கு அது இரண்டும் தேவைப்படவில்லை. எங்கள் ஆட்கள் கவ்வாத்துக் கத்தியோடு மேலேயிருந்து இறங்கினார்கள். நாலு வருசத்துக்கு முந்தி, ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தமிழருக்கும் சிங்களவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் என் வேலையின் அளவு புரிந்தது.

சர்வேயர் மாத்தயா, யாருக்குச் சிங்களம் தெரியும் என்று கேட்டார். கடைக்குச் சாமான் வாங்கப் போய்ப் பழகிய சிங்களத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், கம்பைச் சோடித்தது நான் என்பதையும் சேர்த்து. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர், "இது எப்போது சாகும்?" என்று கேட்டார். "பௌர்ணமிக்கு எரிப்போம் மாத்தயா" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "நம்ம தேவாலயத்தில் பெரஹரா ஊர்வலத்துக்கு முன்னால் கப் மரம் நடுகிறோமே, முடியும் வரைக்கும் யாராவது தொடுவோமா? இதுவும் அதுதான்" என்று சிங்களத்தில் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்கு மம்பட்டிகள் தோளிலிருந்து இறங்கின. கிராமத்துப் பெரியவர் ஒருவர் கம்பைப் பார்த்துக் கை கூப்பினார். மாத்தயா என்னிடம், "உன் தெய்வம் சாகும் வரை நான் அந்தப் பக்கம் அளக்கிறேன். நீ கதை அளக்காமல் இரு" என்றார். நிலம் அளக்கிறவருக்கு இப்படியும் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பின்பு பௌர்ணமி அன்று அவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு கூத்துப் பார்க்க வந்தார். காமன் எரிந்தபோது கம்பும் சேர்ந்துதான் எரிந்தது. "என் கம்புக்குக் கிடைத்த சாவு யாருக்குக் கிடைக்கும்" என்று அவர் சிரித்தார். மறுநாள் சாம்பலுக்குப் பக்கத்தில் நின்று காலால் மிதித்துப் பார்த்து, இது நிரவிய மண், மழைக்குச் சரியும், மேட்டோரமாகப் போனால் பாறை தாங்கும் என்று சொல்லி, புதுக் கம்பை மேட்டோரத்தில் ஊன்றினார்; ரோட்டு வளைந்தது இப்படித்தான். இதைக் கிராமத்து ஆட்களுக்கும் காட்டிச் சொன்னார். அவர்களும் மிதித்துப் பார்த்தார்கள்.

இலஞ்சம் என்று அவர் எங்களிடம் வாங்கியது என்ன என்று கேட்டால், அத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்த கொழுக்கட்டை. கொண்டுபோனது நான். வழியில் ஒன்றை நான் தின்றுவிட்டதால் முழு இலஞ்சமும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

இதைச் சொல்ல ஏன் பெரியவர்கள் வரவில்லை என்று கொன்ஸ்தாபிள் ஐயா கேட்டார். என் அப்பாவும் மாமாவும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறார்கள். பொலிசில் பேர் விழுந்தால் மனுவும் விழும் என்று தோட்டம் முழுக்கப் பயம். அப்பாவின் மனுவில் என் பேரும் இருக்கிறது. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருடா, அந்த மாத்தயா படிச்சவரு, தப்பிச்சுக்குவாரு" என்று நேற்று என்னைத் தடுத்ததும் அப்பாதான். நான், "அன்னிக்கு அவரு வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா, இன்னிக்கு நம்ம வாய்க்கு அரிசி போட்டிருப்பாங்கப்பா" என்றேன். இன்று காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது அப்பா மலைக்குப் போகாமல் வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார்.

இப்போது நிலையத்துக்கு வெளியே அப்பா நிற்கிறார். அழகுமுத்து மாமாவும் சண்முகவடிவு அத்தையும் அன்று கும்பிட்ட பெண்களும் நிற்கிறார்கள். கிராமத்துப் பெரியவரும் வந்து அவர்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் போகாததால் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்குச் சம்பளம் போடும் செக்ரோலில் பேர் இல்லை. ஆனாலும் சர்வேயர் மாத்தயாவுக்காக இங்கே பேர் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அடுத்து என் அப்பாவைக் கூப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளதைக் கொன்ஸ்தாபிள் ஐயா எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினார். கொழுக்கட்டை வந்த இடத்தில் அவர் சிரித்ததைத் தவிர மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது என்று என் கையால் எழுதுகிறேன்.

(ஒப்பம்) சி. பேச்சிமுத்து