தில்லைநாதன் கொட்டாத நாற்பது மூடைகள்

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் முத்துக்குமாரு அவர்களே, வாசிகசாலை நிர்வாகிகளே, அமரரின் துணைவியார் இரத்தினம்மா அக்கா அவர்களே, பண்டத்தரிப்புப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் சீவரத்தினம், அளவெட்டி. அமரர் அருளம்பலம் தில்லைநாதன் அவர்களோடு வளைகுடா எண்ணெய்க் கிணறுகளில் ஆறு வருடம் வேலை செய்தவன். அழுவதற்காக நான் இங்கே எழுந்து நிற்கவில்லை. கோபத்தோடு நிற்கிறேன்.

ஊரில் குண்டு விழுகிறது, அங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் என்றுதானே அவரை அனுப்பினீர்கள்? போன மாதம் பெட்டியில் வந்தார். பெட்டியோடு கம்பனியின் கடிதமும் வந்தது. அளவுக்கு மிஞ்சிக் களிமண் கலந்த அவரது கவனயீனமே விபத்துக்குக் காரணமாம். நேற்று மருதனார்மடம் சந்தையில் என் காதுபட ஒருவர், "தில்லைநாதன் பிழைவிட்டுத்தானாம் செத்தவன்" என்று கதைக்கிறார். இதைக் கேட்டுக்கொண்டு எப்படி வாய்மூடி இருப்பது?

கவனயீனமா? தில்லைநாதனுக்கா? அவர் செய்த வேலை என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது டீசலில் கலந்த சேற்றைக் குழாய் வழியாக உள்ளே செலுத்துவோம். அது தண்ணீராக ஓடினால் உடைந்த கல் மேலே வராது. இறுகினால் பம்பு தள்ளாது. அந்தப் பாகுநிலையைக் காப்பதுதான் அவர் பொறுப்பு. எண்ணெயில் ஊறுவதற்கென்றே பக்குவப்படுத்திய களிமண்ணைக் கலந்துதான் சேற்றைத் தடிக்க வைப்பார்கள். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. குளிர்ந்த டீசலில் கொட்டியவுடன் அது தடிக்காது. கலக்க வேண்டும், சூடேற வேண்டும், காத்திருக்க வேண்டும். அவசரக்காரன் போதவில்லை என்று இன்னும் கொட்டுவான். பிறகு எல்லாம் சேர்ந்து ஊறிக் களியாகிவிடும். எத்தனை பேரின் கையைப் பிடித்து அவர் தடுத்திருப்பார்? "பொறடாப்பா, மண் இன்னும் எண்ணெயைக் குடிக்கேல்லை" என்பார்.

விபத்து நடந்த அன்று விடியற்காலை கடுங்குளிர். ஓடும் நேரத்தைப் புனலில் விட்டு அளந்தபோது சேறு மெலிதாக ஓடியது. பன்னிரண்டு மூடை கலந்துவிட்டு, மத்தியானம்வரை ஒருவரும் தொடக்கூடாது என்றார். எங்கள் கிணற்றுக்குப் பொறுப்பான அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருமுன் சேற்றின் தடிப்பு சரியாக இருக்கவேண்டுமாம். தில்லைநாதன் முகத்துக்கு நேரே மறுத்தார். அவரைச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டு, அந்த மனிதன் இன்னும் நாற்பது மூடை கொட்டுவித்தான்.

வெயில் ஏற ஏறச் சேறு இறுகியது. அவர் ஓடிவந்து தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். "ஆர் உதைக் கொட்டினது? பம்பை நிப்பாட்டுங்கோ, டீசல் விட்டு இளக்குவம்" என்றார். அதிகாரி விடவில்லை. தில்லைநாதன் தானே பம்பை நிறுத்தப் போனார். அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்து அவரை அடித்தது. மற்றவர்களைக் காப்பாற்றப் போனவனைக் குற்றவாளி என்று எழுத எந்தக் கைக்கு மனம் வந்தது?

அந்தக் கோபத்தில் பாதி எனக்கே உரியது. கம்பனியின் கடிதத்தில் சாட்சி என்று ஒரு கிறுக்கல் இருக்கிறது. இரத்தினம்மா அக்கா, அது என் கையெழுத்து. வேலை போய்விடும் என்று பயந்து வைத்தேன். அதற்குக் கூலியாகத்தான் போன கிழமை தில்லைநாதனின் இடத்துக்கே என்னை நியமித்து எழுதியிருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

அமரரின் பணியைத் தொடர்வோம் என்று இவ்விடத்தில் சொல்வது வழக்கம். நான் சொல்வது இதுதான். சேறு கலப்பது பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகளைத் தமிழில் அச்சடித்து, அந்த வேலைக்குப் போகும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். அந்த நியமனத்தை நான் ஏற்கவில்லை. கையெழுத்தை மீளப்பெறும் கடிதத்தை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். அதிகாரி இட்ட கட்டளையும் அதில் இருக்கிறது. அவன் சொற்படி அந்த நாற்பது மூடைகளையும் அவிழ்த்துக் கொட்டியவன் நான் என்பதும் இருக்கிறது. இனி இந்த ஊரில் எவராவது "ஆரின்ரை பிழை?" என்று கேட்டால், தில்லைநாதன் அவர்களின் பெயரைச் சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள்.