எலி ஸ்க்ரூ கழற்றுமா?

— இஸ்திரிப் பெட்டி எதுக்கு மாமா? மேசை விரிப்பைத்தான் காலையிலேயே தேய்ச்சாச்சே.

— விரிப்புக்கு இல்லம்மா. கோழிக்கு.

— கோழிக்கா!

— அதோட முதுகைப் பாரு. காய்ச்சல்ல கெடந்து எழுந்தவன் மாதிரி வெளுத்துப் போயிருக்கு. வெண்ணெயைத் தடவி, மேல ரெண்டு இழுப்பு இழுத்தா செவந்துடும்.

— அதே பெட்டியிலதான் நாளைக்கு என் புடவையைத் தேய்க்கணும்.

— தேய்ச்சுக்கோ. மணமா இருக்கும்.

— ஐயோ மாமா... வைங்க அதை. சட்டியிலயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். அடியில உப்பு பரப்பியிருக்கேன், மூடி மேல கரி போட்டிருக்கேன். தானா செவக்கும்.

— தானா எதுவும் செவக்காது. அடுப்பு இல்லாமச் சமைக்கிறதுல என்னை மிஞ்ச ஆள் கெடையாது மருமகளே. கப்பல்ல நான் இருந்தப்போ...

— ஆரம்பிச்சாச்சு.

— நடுக்கடல். புயல். அடுப்பு தண்ணியில விழுந்து போச்சு. கேப்டன் மணி அடிக்கறாரு, கோழி எங்கேன்னு. என்ன பண்ணேன்? கோழியைக் கயித்துல கட்டிப் புகைபோக்கிக்குள்ள இறக்கினேன். கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்துப் பாத்தா ரெண்டு கோழி வருது.

— ரெண்டாவது எங்கேருந்து வந்துச்சாம்?

— அது கடல் பறவை. குளிர் காய வந்திருக்கு, பாவம். கேப்டனுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது.

— நீங்க கப்பலைப் படத்துலகூடப் பாத்ததில்லேன்னு உங்க பையன் எங்கிட்ட சொல்லியிருக்காரு.

— சொல்லுவான். ஆனா அந்தக் கப்பல் கதையைச் சொல்லுங்கப்பான்னு வாரம் தவறாமக் கேக்கறதும் அவன்தான்.

— கேக்கறதா மாமா?

— கேட்டதும் அவன்தான்.

— குக்கரைப் பாருங்க மாமா. கேக்கு அடிப்பிடிக்கற மாதிரி வாசனை வருது.

— பிடிக்கல, பிடிக்கல. வெயிட்டையும் ரப்பரையும் எடுத்துட்டுத்தானே வச்சிருக்கே? உள்ள மணல் நல்லாக் காஞ்சிருக்கு. பொறுமையா வேகட்டும்.

— நீங்க ஏன் காலையிலேருந்து ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு நடக்கறீங்க? இடுப்புல வலியா?

— வயசு. அது சரி... நம்ம கரண்ட் அடுப்பைப் பாக்க வந்த ரிப்பேர்காரர் என்னதான் சொன்னாரு? நான் கோழி வாங்கப் போன நேரமாப் பாத்து வந்துட்டுப் போயிட்டாரு.

— இன்னைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாரு.

— ஆகாதுன்னா? என்ன கோளாறாம்?

— எலி.

— எலியா?

— பின்னாடி ஒயரை எலி கடிச்சிருக்காம்.

— அடப்பாவி எலி!... வேற ஒண்ணும் சொல்லலியா?

— வேற என்ன சொல்லணும்?

— இல்ல... உள்ள கிள்ள ஏதாவது... சூடாக்கற காயிலு, அது இதுன்னு...

— காயிலைப் பத்தி நீங்க எதுக்கு மாமா கேக்கறீங்க?

— சும்மாதான். முப்பது வருஷம் பேக்கரி அடுப்போட குப்பை கொட்டினவன், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

— கேக்கலாம். அந்த முள்கரண்டியைத் துடைச்சுக்கிட்டே கேளுங்க. முதலாளியம்மா குடுத்தனுப்பினது. கீறல் விழுந்தா உசிரை வாங்கிடுவாங்க.

— விரிப்பு அவங்களுது. கரண்டி அவங்களுது. மெழுகுவத்தி அவங்களுது. விருந்தாளியே வந்து மேசை போடற விருந்தை நான் கப்பல்லகூடப் பாத்ததில்ல.

— கண்ணாடி டம்ளர் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவுது. அதையும் சேத்துக்கோங்க.

— அப்ப கோழி மட்டும்தான் நம்மளுது.

— அதுவும் எப்படி வேணுமாம் தெரியுமா? உங்க வீட்டுக்காரர் சுடற பக்குவத்துலயே வேணும்னு சொன்னாங்களாம். முதலாளியோட டிரைவர் ஃபோன்ல சொல்றாரு... கூசாம.

— ம். அடுப்பு கெட்டுப் போச்சுன்னு நீ அவங்கிட்ட சொன்னியா இல்லியா?

— சொன்னேன். வேற நாள் வச்சுக்கலாமான்னுகூடக் கேட்டேன். அடுப்பு எப்படிப் போனா என்ன, மேசை அழகா இருந்தாப் போதும்னுட்டாரு. போட்டோக்காரரை வரச் சொல்லியாச்சாம்.

— போட்டோ எதுக்கு?

— முதலாளி நம்ம மேசையில உக்காந்து சாப்பிடறதைப் பெரிசா எடுத்து, நாளைக்குக் காலையில பேக்டரி கேட்ல ஒட்டுவாங்களாம்.

— ஒட்டி?

— செத்தவன் வீட்லயே முதலாளி கை நனைச்சாச்சு. அவங்களுக்கே மனசுல ஒண்ணும் இல்ல, உங்களுக்கு என்னய்யா... உள்ள வாங்கன்னு சொல்ல.

— இதையும் டிரைவர் சொன்னானா?

— இதை யாராவது சொல்லணுமா மாமா?

— எதிர்ல பாத்தியா? விளக்குக் கம்பத்தடியில நம்ம ஆளுங்க. மாவு பிசையறவன், தட்டு அடுக்கறவன், பாக்கெட் போடறவன்... எல்லாரும் நிக்கறாங்க. இந்த வாசலையே பாத்துட்டு நிக்கறாங்க.

— எத்தனை நாளா வேலைக்குப் போகாம இருக்காங்க. வீட்ல என்னத்தை ஆக்கறாங்களோ, என்னத்தைத் திங்கறாங்களோ.

— பேக்டரி அடுப்போட ஒயரைப் பிடுங்கினது யாருன்னு சொல்லு, உள்ள வர்றோம். அவங்களுக்கு அந்த ஒரே பேச்சுதான். நியாயமும் அதுதானே? கதவைத் திறந்தா அந்தப் பெரிய அடுப்பு தானா நிக்கணும். அதுக்குத்தான் அந்த ஒயரு. அடிக்கடி நின்னு போகுது, ரொட்டி கொறையுதுன்னு யாரோ அதைப் பிடுங்கி விட்டிருக்காங்க. என் பையனுக்கு அது தெரியாது. சிக்கின தட்டை எடுக்கலாம்னு கதவைத் தொறந்து உள்ள...

— போதும் மாமா.

— சரி. நான் ஒண்ணும் சொல்லல.

— கவனமில்லாம உள்ள போயிட்டான்னு எழுதி வச்சிருக்காங்க.

— கவனமில்லாதவன்! ராத்திரி எழுந்து போயி, தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு மூணு தரம் பாத்துட்டு வந்து படுக்கறவன்! அந்த பேக்டரியில முதலாளி சொல்லாம ஒரு பல்பைக்கூட எவனும் மாத்த மாட்டான். ஒயரைப் பிடுங்குவானா?

— மெதுவாப் பேசுங்க. ஜன்னல் திறந்திருக்கு.

— சரி. ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு அந்தக் காலத்துல. முழு வழுக்கை. மத்தியானம் ஆனா மொட்டை வெயில்ல நாற்காலி போட்டுத் தூங்குவாரு. ஒரு நாள் அவரு தலையில கொஞ்சம் மாவைத் தட்டி வச்சேன். அவரு எழுந்திருக்கறப்போ ரொட்டி பதமா வெந்திருந்துச்சு.

— அடிச்சாரா?

— இல்ல. சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. கம்பெனி சூட்டை சொந்த வேலைக்குப் பயன்படுத்தினேன்னு.

— ...சிரிப்பு வருது மாமா. வரக் கூடாது, ஆனா வருது.

— சிரி. சிரிச்சா முதலாளி ஒண்ணும் கணக்குல எடுத்துக்க மாட்டாரு. அந்தச் சுவத்துல ஆணி தெரியுது பாரு.

— ஆணி மட்டுமா? படம் இருந்த எடமே சதுரமா வெள்ளையாத் தெரியுது. இவரு படம் போட்டோவுல விழக் கூடாதாம். சாப்பிடற நேரத்துல முதலாளியம்மாவுக்கு ஒரு மாதிரி இருக்குமாம்.

— அதான் எடுத்துட்டேன்.

— எங்க வச்சீங்க?

— மாவு டப்பாவுக்குப் பின்னாடி. அவனுக்கு அங்க பழக்கம்தான்.

— மாமா... ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்காகத்தான் நான் இந்த விருந்துக்கு சரின்னேன்.

— எனக்காகவா?

— முதலாளி உப்பைத் தின்னு வளந்த குடும்பம்னு எப்பவும் சொல்லுவீங்க. அந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னு, உங்க வீட்ல ஒரு வேளை சாப்பிடணும் பெரியவரேன்னு சொன்னப்போ, கூப்பின கையை நீங்க எறக்கவே இல்லியே.

— அது கும்பிடு இல்லம்மா. கை நடுங்கிச்சு. சேத்துப் பிடிச்சா நிக்கும்னு பிடிச்சேன்.

— ...அப்ப ஏன் தலையை ஆட்டினீங்க?

— உனக்காக. ஆபீஸ்ல உனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்னாரு. கம்பெனி வீடு, காலி பண்ண வேண்டாம்னாரு. எனக்கென்ன, ஒரு பாயும் தலையணையும் இருந்தா எங்க வேணா படுத்துப்பேன். நீ எங்க போவே?

— அந்த நாற்காலி வேணும்னு நான் கேட்டேனா?

— வேண்டாம்னும் சொல்லலியே.

— நீங்க தலையை ஆட்டிட்டீங்க. அப்புறம் நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?

— நல்லா இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து, கோழியை உப்புல உக்கார வச்சிருக்கோம்.

— ரிப்பேர்காரர் எலி மட்டும்தான்னு சொல்லல மாமா.

— பின்ன?

— ரெண்டு கோளாறுன்னாரு. ஒயர் அறுந்ததைப் பத்து நிமிஷத்துல ஒட்டிடலாம், ஆனா உள்ள காயிலே இல்லியேம்மா, நாலு ஸ்க்ரூவையும் கழட்டி யாரோ அலுங்காம எடுத்திருக்காங்கன்னாரு. எலி ஒயரைக் கடிக்கும், ஸ்க்ரூ கழட்டுமான்னு எங்கிட்டயே கேக்கறாரு.

— எலி ஒயரைக் கடிக்கும்தான்.

— கடிக்கும்.

— கத்திரிக்கோலாலயா?

— எந்தக் கத்திரிக்கோல் மாமா?

— கோழி வாங்கிட்டு வந்ததும் அடுப்புக்குப் பின்னாடி எட்டிப் பாத்தேன். உன் தையல் கத்திரிக்கோல் கெடந்துச்சு. எடுத்துப் பெட்டியில போட்டேன். நல்ல எலிதான். எடுத்த சாமானை எடுத்த எடத்துல வைக்கத் தெரியல, அவ்வளவுதான்.

— நேத்து சாயங்காலமே வெட்டிட்டேன் மாமா. அவரு எங்கேயோ பழசா வாங்கி, ராவும் பகலும் உக்காந்து சரி பண்ண அடுப்பு. சூடானதும் டிங்குன்னு ஒரு மணி அடிக்குமே... அந்த மணியடிச்சு, அந்த ஆளுக்குத் தட்டு எடுத்து வைக்கறதா?... அடுப்பு போச்சுன்னா வர மாட்டாங்கன்னு நெனச்சேன்.

— நானும் அதையேதான் நெனச்சேன்.

— காயில் எங்க?

— கப்பல்ல இருந்தப்போ...

— மாமா.

— இடுப்புல சொருகியிருக்கேன். விடிகாலையிலேருந்து குத்துது.

— அடக் கடவுளே! அதான் சாஞ்சு சாஞ்சு நடந்தீங்களா?

— நீ குனிஞ்சு அந்தக் கதவைத் தொறக்கறதை என்னால பாக்க முடியாதும்மா. எந்த அடுப்புக் கதவா இருந்தாலும் சரி. அதான் கழட்டிட்டேன்.

— வெளிய எடுங்க முதல்ல. காயம் பட்டுடப் போகுது... கார் சத்தம் கேக்குது.

— கேக்குது.

— கதவைத் தொறந்தா அவரு உக்காருவாரு. உக்காந்தா போட்டோ. போட்டோ ஒட்டினா, எதிர்ல நிக்கறவங்க தலையைக் குனிஞ்சுட்டு உள்ள போயிடுவாங்க. அப்புறம் யாரும் அந்த ஒயரைப் பத்திக் கேக்க மாட்டாங்க.

— தொறக்கலேன்னா இந்த வீடு போயிடும். உன் நாற்காலியும்.

— வீடு போகட்டும். நீங்க பாய் எடுத்துக்கோங்க, நான் தலையணை எடுத்துக்கறேன். அவரு படத்தைக் கொண்டு வாங்க.

— ஆணியில மாட்டட்டுமா?

— வேண்டாம். மேசைக்கு. அந்த நடு நாற்காலியில வைங்க.

— அது முதலாளி உக்கார வேண்டிய எடம்மா.

— தெரியும்.

— மாவு ஒட்டியிருக்கு... இரு, துடைக்கறேன்.

— துடைக்க வேண்டாம் மாமா. எப்பவும் வீட்டுக்கு அப்படித்தானே வருவாரு.

— பெரியவரே! என்ன, கதவு சாத்தியிருக்கு? முதலாளி வந்திருக்கேன். வீட்டம்மாவும் கார்ல இருக்காங்க.

— வந்துட்டோம் முதலாளி! ஒரு நிமிஷம்... மருமகளே, அந்த ஜன்னலை முழுசாத் தொறந்து விடு. எதிர்ல நிக்கறவங்களுக்கு நல்லாக் கேக்கணும்.

— தொறந்துட்டேன். எல்லாரும் கிட்ட வர்றாங்க மாமா.

— பெரியவரே, அடுப்பு ரிப்பேர்னு டிரைவர் சொன்னான். என்ன ஆச்சு திடீர்னு?

— ஒயரைப் பிடுங்கிட்டாங்க முதலாளி.

— அட! யாரு?

— நானும் என் மருமகளும். எங்க அடுப்புல கை வச்சது யாருன்னு நாங்க சொல்லிட்டோம். உங்க அடுப்புல யாருன்னு, நின்ன எடத்துலயே கொஞ்சம் சத்தமாச் சொல்லிடுங்க. கதவைத் தொறக்கறேன்... கோழி இன்னும் சூடாத்தான் இருக்கு.